பிட்டன்வீம்: சுரங்கமா, குகையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில் உள்ள பிட்டன்வீம் என்ற மீனவ ஊரைப் பற்றிப் படித்துவருகிறேன். ஆங்கிலத்தில் 'பிட்' என்றால் குழி. ஃபைஃபோ நிலக்கரிக்குப் பேர்போன பகுதி. ஊர்ப்பெயர் சுரங்கத்திலிருந்து வந்திருக்குமா? இதை எப்படிச் சரிபார்ப்பது?

க.

அன்புள்ள க.,

சுரங்கத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பலரும் சறுக்குகிற இடம் இது. அதே ஃபைஃபில், டன்ஃபர்ம்லின் ஊரில் உள்ள பிட்டன்கிரீஃபில் நிலக்கரி வெட்ட 1291லேயே மடத்துத் துறவிகளுக்கு உரிமை கிடைத்தது. 'பிட்'டும் இருக்கிறது, கரியும் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பெயருக்கு 'மரமுள்ள நிலப்பங்கு' என்றுதான் பொருள்.

இன்றைய எழுத்தை நம்பாதீர்கள்; கிடைப்பதில் மிகப் பழைய வடிவத்தைத் தேடுங்கள். இடைக்காலப் பட்டயங்களில் இவ்வகைப் பெயர்கள் 'பெட்' என்று தொடங்கும். ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் முற்காலத்தில் வாழ்ந்த பிக்ட் மக்களின் மொழியில் அது நிலத்தின் ஒரு பங்கு. அதற்கு உறவான, பண்டைய பிரான்சில் பேசிய கோலிய மொழிச் சொல்தான் லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்து நாம் தினமும் சொல்லும் 'பீஸ்' ஆயிற்று.

அடுத்து, உள்ளூர்க்காரர்கள் எந்த அசையை அழுத்துகிறார்கள் என்று கேளுங்கள். இங்கே அழுத்தம் 'வீம்' மேல் விழுகிறது. அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்கு வந்த கேலிக் மொழியின் பெயர்களில் பொதுச்சொல் முன்னால் வரும், இடத்தை அடையாளம் காட்டும் சொல் பின்னால் வரும், பின்னதைத்தான் அழுத்துவார்கள். ஆங்கிலக் கூட்டுப்பெயரில் பெரும்பாலும் முதல் பாதிக்கே அழுத்தம். 'வீம்' என்பது கேலிக்கில் குகை. ஆக, 'குகையின் நிலப்பங்கு'.

கடைசியாக நிலத்தைப் பார்க்க வேண்டும். துறைமுகத்திலிருந்து ஏறும் கோவ் வைண்ட் சந்தில் குகை இன்றும் இருக்கிறது. புனித ஃபில்லன் தங்கிய இடம் என்பது மரபு. உள்ளே ஓர் ஊற்று உண்டு. குகைக்கு மேலேதான் மே தீவிலிருந்து வந்த துறவிகளின் மடம் இருந்தது. ஊர் அரச நகர உரிமை பெற்றது 1541ல்.

ஒரு எச்சரிக்கை. 'பிட்' இருப்பதாலேயே ஊரைப் பிக்டுகள் நிறுவினார்கள் என்று எழுதிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் கிழக்கில் இப்படிச் சுமார் 300 பெயர்கள் உள்ளன. பெரும்பாலானவற்றின் பின்பாதி கேலிக். அங்கே குடியேறிய கேலிக் மொழி பேசியவர்கள் இதை நில அளவைச் சொல்லாகக் கடன் வாங்கிப் புதிய பெயர்கள் வைத்தார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். 12ஆம் நூற்றாண்டில் டீர் மடத்துச் சுவடியில் எழுதப்பட்ட கேலிக் நிலக்குறிப்புகளிலும் 'பெட்' வருகிறது. பிற்காலக் கேலிக்கில் 'பிட்' ஆபாசச் சொல்லாகிவிட்டதால், ஊர் என்று பொருள்படும் 'பாலெ'யை அதன் இடத்தில் வைத்தார்கள். பிட்லாக்ரி என்ற ஊருக்கும் இதே கதைதான். அதனால் இன்றைய கேலிக் வரைபடத்தில் 'பிட்' தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

இதே கடற்கரையில் மேற்கே உள்ள வீம்ஸ் ஊர்களின் பெயரும் குகையிலிருந்து வந்ததே. அந்தக் குகைச் சுவர்களில் பிக்டுகள் செதுக்கிய குறியீடுகளைப் பார்க்கலாம்.