கேளுங்கள், சொல்கிறோம்: பாய்மரத்துக்கு மூன்றாவது கயிறு

கேள்வி: காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விடுதி விருந்தினர்களுக்காக ஐந்து மீற்றர் நீளப் பாய்ப்படகு ஒன்று வைத்திருக்கிறோம். அலுமினியப் பாய்மரம், தளத்திலிருந்து உச்சிவரை 7 மீற்றர். பெரும்பாய்க்கு ஒன்று, முன்பாய்க்கு ஒன்று என ஏற்றுக்கயிறு இரண்டுதான். போன மாதம் பெரும்பாயின் கயிறு கைநழுவி, அதன் வால் உச்சிக் கப்பி வழியாக வெளியேறிவிட்டது. மரத்தையே சாய்த்துத்தான் மறுபடி கோர்த்தோம். உதவிக்கு இன்னொரு கயிறு போடலாமா? துளையிட்டால் மரம் பலமிழக்குமா?
— வாசகர், நோர்வூட்

பதில்: போடலாம். அதற்கு முன் காசு செலவில்லாத ஒரு வேலை: இருக்கும் இரண்டு கயிறுகளின் வாலிலும் '8' வடிவ முடிச்சு ஒவ்வொன்று போடுங்கள். முடிச்சு கப்பிக்குள் நுழையாது. வால் கைநழுவினாலும் உச்சியோடு நின்றுவிடும்.

பாயை ஏற்றும் இந்தக் கயிற்றுக்குப் பழைய கப்பல் தமிழில் ஆஞ்சான் என்று பெயர். சின்னச் சொல்லாக இருப்பதால் இங்கும் அதையே வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது ஆஞ்சானுக்குத் துளையே தேவைப்படாமல் போகலாம். மர உச்சியின் பின்பக்கம், பூமை (பெரும்பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கிடைக்கம்பை) தாங்கிப் பிடிக்கும் கயிறு கட்டிய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கயிற்றைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டையில் ஷேக்கிளோடு (ஊசி போட்டுப் பூட்டும் U வடிவக் கொளுவி) ஒரு சிறு கப்பியை மாட்டி, அதன் வழியே முழு நீள ஆஞ்சானை விடுங்கள். சாதாரண நாளில் அது பூமைத் தாங்கும். பெரும்பாயின் கயிறு அறுந்த நாளில் பாயை ஏற்றும். எங்கள் விருப்பம் இதுதான். ஓட்டைக்குக் கீழே கப்பி தொங்குவதால் பாய் ஒரு சாண் தாழ்ந்து நிற்கும். கரை சேர அது போதும்.

ஓட்டை இல்லையென்றால் கண்பட்டி (நடுவில் வளைந்து, இரு முனையிலும் துளையுள்ள உலோகப் பட்டி) ஒன்றை ரிவெட் அடித்து அதில் கப்பியைத் தொங்கவிட வேண்டும். அப்போது ஒரு கணக்கை மறக்கக்கூடாது. கட்டடம் கட்டும் இடத்தில் கப்பி போட்டுச் சீமெந்து வாளி தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வாளி 20 கிலோ என்றால், இழுப்பவர் கையும் 20 கிலோ கொடுக்கிறது. கப்பி தொங்கும் கம்புக்கு 40 கிலோ விழுகிறது. பாய்மர உச்சியிலும் இதே கதைதான். கயிற்றில் எவ்வளவு இழுவையோ அதைப்போல் இரண்டு மடங்கைப் பட்டி தாங்கவேண்டும். கயிற்றின் பலத்தை மட்டும் பார்த்து வாங்கி, பட்டிக்குச் சின்ன அலுமினிய ரிவெட் அடிப்பவர்களுக்குப் பிய்வது பட்டிதான்.

பட்டியை மரத்தின் பின்முகத்தில் வைக்காதீர்கள். பாயின் விளிம்பு ஓடும் பள்ளம் அங்கேதான் இருக்கிறது. பட்டி அதை மறித்தால் பாய் உச்சிக்குப் போகாது. பக்கவாட்டில், உச்சியிலிருந்து 5 செ.மீ. கீழே வையுங்கள். இரண்டு துளைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரட்டும். பக்கத்துக்குப் பக்கம் ஒரே மட்டத்தில் துளையிட்டால் மரத்தைச் சுற்றி வெட்டுக்கோடு போட்டதுபோல் ஆகிவிடும். பட்டியை நெடுக்காக வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கீழ்நோக்கிய இழுவை ரிவெட்டைக் குறுக்கே வெட்டப் பார்க்கும், வெளியே பிடுங்காது. குறுக்கு விசையைத் தாங்குவதில் ரிவெட் கெட்டி, பிடுங்கும் விசையில் பலவீனம்.

பலம் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். நுனியில் மரம் வளையும் விசை மிகக் குறைவு, அங்கே 5 மி.மீ. துளை இரண்டு ஒன்றும் செய்யாது. பக்கக் கம்பிகள் மாட்டும் இடம், குறுக்குக் கைகள் இருக்கும் இடம், பூம் பொருந்தும் இடம் ஆகிய மூன்றின் அருகிலும் டிரில்லை வைக்காதீர்கள். மரம் முறிவதென்றால் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

ரிவெட் 4.8 மி.மீ., துளை 4.9 மி.மீ. மொனல் (நிக்கல், செம்புக் கலப்புலோகம்) ரிவெட் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஸ்டெயின்லஸ் ஸ்டீல். இவற்றை ஒரு கையால் அமுக்கும் சின்ன ரிவெட் கருவி இறுக்காது. நீண்ட இரு கைப்பிடி உள்ளதை இரவல் வாங்குங்கள். ஸ்டீல் பட்டிக்கும் அலுமினியத்துக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெட்டி வையுங்கள். இரண்டு உலோகங்களும் ஈரத்தில் நேராகத் தொட்டால் அலுமினியம் வெண்பொடியாக அரிக்கும். கடலைவிட நன்னீரில் அது மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

கயிறு வாங்குவதில்தான் நம் ஊரில் ஏமாற்றம் அதிகம். கடையில் "நைலோன் கயிறு" என்று கேட்டால் நீலம், பச்சை நிறத்தில் எடுத்துத் தருவது அநேகமாக பொலிபுரொப்பிலீன். ஒரு துண்டைத் தண்ணீர் வாளியில் போடுங்கள்: மிதந்தால் அதுதான். வெயிலில் அது சீக்கிரம் நார்நாராக உதிரும். ஆயிரம் மீற்றருக்கு உயர்ந்தால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து வீதம் கூடும் என்பது பொதுக் கணக்கு. காசல்ரீயும் அந்த உயரத்துக்கு மேல்தான். அசல் நைலோன் மூழ்கும், ஆனால் இழுத்தால் றப்பர்போல நீளும். காலையில் விறைப்பாக ஏற்றிய பாய் காற்று பலத்ததும் தொய்ந்து சுருங்கும். உங்களுக்கு வேண்டியது பின்னல் பொலியெஸ்டர், 6 மி.மீ. பலத்துக்குப் போதும், கைக்கு இதமாக வேண்டுமானால் 8 மி.மீ. நீர்கொழும்பு, கொழும்புப் பக்கம் படகுச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். கப்பிச் சக்கரத்தின் விட்டம் கயிற்றைப்போல் ஆறு மடங்காவது இருக்கட்டும்: 8 மி.மீ. கயிற்றுக்கு 48 மி.மீ.

நீளம்: ஏற 7 மீற்றர், இறங்க 7, கட்டவும் பிடிக்கவும் 2. பதினாறுக்குப் பதினேழாக வாங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை, பாயை மாட்டும் ஷேக்கிள் உள்ள முனையில் ஒரு சாண் வெட்டிவிட்டு மறுபடி கட்டினால், கப்பிமேல் தேயும் இடம் நகர்ந்துவிடும். அந்த மேலதிக மீற்றர் அதற்குத்தான்.

கீழே, தளத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் கயிற்றைச் சுற்றிக் கட்டும் இரு கொம்புக் கிளீட் ஒன்று. அதை மரத்துக்கு நேராக வைக்காமல் பத்துப் பதினைந்து பாகை சாய்த்து வைத்தால் கயிறு இறுகிச் சிக்காது. இங்கும் ரிவெட்டே நல்லது. மரத்தின் சுவர் 2 மி.மீ. தடிப்பென்றால் எம்5 திருகாணிக்கு இரண்டரைப் புரிதான் பிடிக்கும், சீக்கிரம் கழன்றுவிடும்.

மரத்தை நிமிர்த்துமுன் தலைக்குமேல் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். கரையோரம், இறங்குதுறைக்குப் போகும் வழி இரண்டையும் நடந்து பாருங்கள். ஏழு மீற்றர் அலுமினியம் கையில் இருக்கும்போது வேறெதுவும் அவ்வளவு அவசரமில்லை. நிமிர்த்தியபின் ஆஞ்சானின் ஒரு முனையில் 20 லீற்றர் தண்ணீர்க் கேன் ஒன்றைத் தூக்கி, மறுமுனையைக் கிளீட்டில் கட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். பட்டிக்கு 40 கிலோ. பட்டி அசையாவிட்டால், ரிவெட்டைச் சுற்றி விரிசல் தெரியாவிட்டால் பாயை ஏற்றலாம்.

---

கேள்வி: எங்கள் படகில் ஆஞ்சான் மரத்துக்குள்ளேயே ஓடுகிறது. நைந்துவிட்டது. மரத்தைச் சாய்க்காமல் புதியதை மாற்ற முடியுமா?
— வாசகர், நுவரெலியா

பதில்: பழையது அறுந்து விழுமுன் மாற்றினால் முடியும். புதுக் கயிற்றின் முனையையும் பழையதன் வாலையும் நுனிக்கு நுனி ஒட்டவைத்து, தடித்த நூலால் ஐந்தாறு தையல் ஊடுருவித் தையுங்கள். அதன்மேல் டேப்பை மெல்லிதாக ஒரு சுற்று. வெறும் டேப் மட்டும் வேண்டாம். கப்பியில் வளையும்போது உருவிக்கொள்ளும். முடிச்சும் வேண்டாம், கப்பியில் மாட்டும். ஒருவர் இழுக்க, மற்றவர் கீழ்வாயில் புதியதை ஊட்டிவிட வேண்டும். சிக்கினால் பலமாக இழுக்காமல் ஒரு முழம் திரும்ப விட்டு மறுபடி இழுங்கள்.

கயிறு ஏற்கெனவே போய்விட்டதென்றால் மரத்தைச் சாய்ப்பதைத் தவிர வழி சொல்வதற்கில்லை. சாய்த்த மரத்தில், மின்வேலைக்காரர் குழாய்க்குள் வயர் இழுக்கும் ஸ்பிரிங்கை உச்சியிலிருந்து விடுங்கள். ஓரளவு நிமிர்த்தி வைக்க முடிந்தால் ஸ்பிரிங்கும் வேண்டாம்: அரைச்சாண் சைக்கிள் செயினை மெல்லிய நூலில் கட்டிப் போட்டால் கப்பியின் ஒடுக்கத்திலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். உள்ளே வேறு கயிறுகள் இருந்தால் அவற்றை இழுத்து விறைப்பாகக் கட்டிவிட்டுச் செயினை விடுங்கள். தொய்ந்து கிடந்தால் புதியது அவற்றைச் சுற்றிக்கொள்ளும். பாயை ஏற்றும் நாளில்தான் அது தெரியவரும்.

---

கேள்வி: பாய்ப்படகு அல்ல, பாடசாலைக் கொடிக்கம்பம். ஆறு மீற்றர் ஜீ.ஐ. குழாய். கயிறு கப்பிக்குப் பக்கத்தில் விழுந்து இறுகிவிடுகிறது. பெப்ரவரி 4க்கு முதல் நாள் ஒரு பையனை ஏற்ற வேண்டியதாயிற்று. இரண்டாவது கயிறு போட்டால் சரியாகுமா?
— ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: டீச்சர், முதலில் நோயைப் பார்ப்போம். சக்கரத்துக்கும் கப்பியின் பக்கத் தகட்டுக்கும் இடையேயுள்ள இடைவெளியைவிடக் கயிறு மெல்லிதாக இருக்கிறது, அதனால்தான் நழுவி உள்ளே விழுகிறது. 4 மி.மீ. கயிறு என்றால் 6 மி.மீ. போடுங்கள்; இடைவெளி அதைவிடப் பெரிதென்றால் கப்பியையே மாற்றவேண்டும்.

கயிற்றின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கினால் வால் மேலே ஓடும் கதை இராது. ஏற இறங்க 12 மீற்றர், முடிச்சுக்கு 1, ஆக 13. கொடியை மாட்டும் இரண்டு கொக்கிகளுக்கும் இடையில் அந்த முடிச்சு வரட்டும், அது கப்பிவரை போகவே போகாது.

இரண்டாவது கயிறு போடுவதென்றால் தனிக் கப்பி வேண்டும். ஒரே கப்பியில் இரண்டையும் விட்டால் ஒன்றையொன்று உராய்ந்து இரண்டும் சிக்கும். கம்பத்தைச் சாய்க்கும் அன்றைக்கே எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கப்பியை நட்டு போல்ட்டால் பூட்டிவிட்டு, அதன் வழியே மெல்லிய பொலியெஸ்டர் நூலொன்றை மட்டும் வளையமாக விட்டுவையுங்கள். தேவைப்படும் நாளில் அந்த நூலோடு உண்மையான கயிற்றைத் தைத்து இழுத்துக்கொள்ளலாம், பையனை ஏற்ற வேண்டியதில்லை.