"உங்கள் பட்டம் இணையானது இல்லை" என்று டி.ஆர்.பி. சொன்னால் வழக்கு நிற்குமா?

கேள்வி: பி.எஸ்சி. பயன்பாட்டு வேதியியல், எம்.எஸ்சி. வேதியியல், பி.எட். படித்திருக்கிறேன். ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்திய முதுகலை ஆசிரியர் தேர்வில் கட்-ஆஃப்புக்கு மேல் மதிப்பெண் வாங்கினேன். சான்றிதழ் சரிபார்ப்புக்கும் அழைத்தார்கள். ஆனால் தேர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. "இளநிலைப் பட்டம் உரிய பாடத்தில் இல்லை" என்பது மட்டுமே காரணம். இரண்டு பட்டமும் ஒன்றுதான் என்று என் பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்திருக்கிறது. இதே பட்டத்தை வைத்து முந்தைய தேர்வில் ஒருவர் பணியில் சேர்ந்தும் இருக்கிறார். உயர் நீதிமன்றம் போனால் ஜெயிக்க முடியுமா?

பதில்: உங்கள் பட்டம் இணையானது என்று சொல்லும் அரசாணை கையில் இருந்தால் வழக்கு வலுவானது. பல்கலைக்கழகச் சான்றிதழ் மட்டும்தான் இருக்கிறது என்றால் கஷ்டம். நீங்கள் வாங்கிய மதிப்பெண்ணுக்கு இந்த வழக்கில் கிட்டத்தட்ட வேலையே இல்லை. இதைக் கேட்டு மனம் நோகலாம், ஆனாலும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வருகிற பலர் மதிப்பெண் பட்டியலைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். நீதிபதி முதலில் கேட்பது அறிவிக்கையின் பக்கங்களை.

முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும், அல்லது அதற்கு இணையான பாடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் தமிழ்நாட்டில் பின்பற்றப்படும் நிபந்தனை. இளநிலை ஒரு பாடம், முதுநிலை வேறு பாடம் என்று இருப்பதை "கிராஸ் மேஜர்" என்று பேச்சில் சொல்கிறோமே, அந்தச் சிக்கல் இங்கிருந்துதான் வருகிறது. "எம்.எஸ்சி. வேதியியலில் என்னைச் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகத்துக்கு இது தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு படிப்பில் சேர்வதற்கான தகுதியைப் பல்கலைக்கழகம் முடிவு செய்கிறது, ஒரு பணியில் சேர்வதற்கான தகுதியை வேலை கொடுக்கிற அரசு முடிவு செய்கிறது. இரண்டும் வேறு வேறு அதிகாரம் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஜஹூர் அஹ்மத் ராதர் வழக்கை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஜம்மு காஷ்மீரில் ஒரு டெக்னீஷியன் பணிக்கு ஐ.டி.ஐ. கேட்டிருந்தார்கள். டிப்ளமோ வைத்திருந்தவர்கள், தங்கள் படிப்பு அதைவிட உயர்ந்தது என்று வாதாடினார்கள். ஒரு படிப்பு இன்னொன்றுக்கு இணையா என்று தீர்மானிப்பது பணியமர்த்துபவரின் வேலை, நீதிமன்றம் அதில் இறங்காது என்று சொல்லி அவர்களை ஏற்க மறுத்துவிட்டது நீதிமன்றம். உங்கள் வழக்கிலும் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துப் போடப்போவது இதைத்தான். இதற்கு மாறாக 2010-இல் வந்த ஜோதி கே.கே. வழக்கில், கேரள மின் வாரியப் பணிக்கு டிப்ளமோ கேட்ட இடத்தில் பொறியியல் பட்டதாரிகள் வென்றார்கள். காரணம், உயர்ந்த படிப்பை ஏற்கலாம் என்று கேரளத்தின் பணி விதியிலேயே ஒரு பிரிவு இருந்தது. இரண்டு வழக்குகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகும்: விதியில் எழுதி வைத்த இடத்தில்தான் நீதிமன்றம் கை கொடுக்கிறது.

ஆகவே உங்கள் முதல் வேலை அரசாணையைத் தேடுவது. தமிழ்நாட்டில் எந்தப் பட்டம் எதற்கு இணை என்பதை உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு பரிசீலித்துப் பரிந்துரைக்கும். பிறகு உயர்கல்வித் துறை அரசாணையாக வெளியிடும். இந்த ஆணைகளில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பெயரோடு சேர்த்துத்தான் பட்டத்தைக் குறிப்பிட்டிருப்பார்கள். இன்ன பல்கலைக்கழகம் வழங்கும் இன்ன பட்டம், வேலைவாய்ப்பு நோக்கத்துக்காக இன்ன பட்டத்துக்கு இணை என்று இருக்கும். அதே பெயருள்ள பட்டம் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு ஏற்கப்பட்டிருந்தால் அது உங்களுக்குத் தானாகப் பொருந்தாது, வாதத்துக்குத் துணையாக மட்டும் நிற்கும். ஆகவே உங்கள் பட்டச் சான்றிதழில் எழுத்துக்கு எழுத்து என்ன பெயர் இருக்கிறதோ அதை வைத்தே தேடுங்கள். பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்திலும் உயர்கல்வி மன்றத்திலும் விசாரித்தால் கிடைக்கும்.

அரசாணை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே அதன் தேதியைப் பாருங்கள். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கைகளில், இணைத்தன்மை அரசாணை அறிவிக்கை நாளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருப்பார்கள். உங்கள் அறிவிக்கையிலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்து, அரசாணையும் பிந்தி வந்திருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அப்போது உங்களுக்கு மிஞ்சும் வாதம் ஒன்றுதான்: ஆணை புதிய தகுதி எதையும் உண்டாக்கவில்லை, முன்பே இருந்த இணைத்தன்மையை உறுதி செய்கிறது, அவ்வளவுதான். இந்த வாதத்தை ஏற்கும் நீதிபதிகளும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. ஆணையின் சொற்களைப் பொறுத்தது அது. அதனால் ஆணையை முழுமையாக நகல் எடுங்கள். முகவுரையில் பாடத்திட்டத்தை ஒப்பிட்டுக் குழு என்ன சொன்னது என்பதுவரை வேண்டும்.

தேதி பற்றி இன்னொன்று, இது உங்களுக்கு இல்லை, பொதுவாகச் சொல்கிறேன். தகுதி எந்த நாளில் இருக்க வேண்டும் என்று அறிவிக்கை குறிப்பிடாவிட்டால், விண்ணப்பத்தின் கடைசி நாளைத்தான் நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும். 1993-இல் ரேகா சதுர்வேதி வழக்கிலிருந்து இது நிலைத்துவிட்டது. பி.எட். முடிவு கடைசி நாளுக்குப் பத்து நாள் பிந்தி வந்தவர்கள் ஒவ்வொரு தேர்விலும் இருக்கிறார்கள். தேர்வில் முதலிடம் வந்திருந்தாலும் அவர்கள் ஜெயிப்பது அரிது.

சரி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைத்ததே உங்கள் தகுதியை ஒப்புக்கொண்டதாக ஆகாதா? ஆகாது. நுழைவுச்சீட்டு கொடுத்தது, சரிபார்ப்புக்கு அழைத்தது எல்லாமே தற்காலிக அனுமதிதான் என்று அறிவிக்கையில் ஒரு பத்தி இருக்கும்.

அடுத்து, முந்தைய தேர்வில் சேர்ந்தவர். "அவருக்குக் கொடுத்தார்கள், எனக்கும் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். அவருக்குத் தவறாகக் கொடுத்திருந்தால், அந்தத் தவறை உங்களுக்கும் செய்யச் சொல்லி சமத்துவ உரிமை தரும் அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவை வைத்துக் கேட்க முடியாது. 1995-இல் சண்டிகர் நிர்வாகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அதே விவரத்தை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். ஒரே விதியின் கீழ் இதே வாரியம் இந்தப் பட்டத்தை முன்பு இணையாக ஏற்றிருக்கிறது, இப்போது ஏன் மாறியது என்று காரணம் சொல்லட்டும் என்று கேளுங்கள். முதல் வாதம் சலுகை கேட்கிறது, இரண்டாவது வாதம் விளக்கம் கேட்கிறது. காரணம் சொல்லாமல் நிராகரித்த உத்தரவை ரத்து செய்ய நீதிமன்றங்கள் அவ்வளவாகத் தயங்குவதில்லை.

இப்போது செய்ய வேண்டியது. வாரியத் தலைவருக்கு ஒரு மனு எழுதுங்கள். பட்டச் சான்றிதழ், பல்கலைக்கழகக் கடிதம், அரசாணை, இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஒப்பீடு எல்லாவற்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அதே நாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பமும் போடுங்கள். உங்கள் கோப்பில் சரிபார்ப்புக் குழு எழுதிய குறிப்பின் நகல், இந்தப் பட்டம் பற்றி நிபுணர் கருத்து ஏதாவது பெறப்பட்டதா, முந்தைய தேர்வில் இதே பட்டம் ஏற்கப்பட்டதா ஆகிய மூன்றையும் கேளுங்கள். "ஏன் என்னை எடுக்கவில்லை" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஆனால் தகவல் பதிலுக்குச் சட்டம் கொடுக்கும் 30 நாளை உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அரசின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவுக்கு எழுதப்பட்ட காலக்கெடு இல்லைதான். ஆனால் கலந்தாய்வு முடிந்து பணி ஆணைகள் கைக்குப் போய்விட்டால், அப்புறம் காலியிடமே இல்லாத இடத்துக்கு வழக்கு நடத்துவீர்கள். மனுவை அனுப்பியதும் ஒரு நியாயமான அவகாசம் கொடுத்துவிட்டு நீதிமன்றம் போய்விடுவது நல்லது. பணி தொடர்பான வழக்குகளுக்கு முன்பு இங்கே இருந்த மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது இல்லை. நேராக உயர் நீதிமன்றம்தான், தென் மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரைக் கிளை.

மனுவில் என்ன கேட்பது என்பதில்தான் பல வழக்குகள் தோற்கின்றன. "என் பட்டம் இணையானது என்று அறிவித்து வேலை கொடுக்க உத்தரவிடுங்கள்" என்று கேட்டால், முன்னே சொன்ன 2018 தீர்ப்பு நேராக எதிரே வந்து நிற்கும். நிராகரித்ததை ரத்து செய்து, இன்ன அரசாணையின்படி உங்கள் தகுதியை மறுபடி பரிசீலித்துக் காரணத்தோடு உத்தரவு போடச் சொல்லுங்கள் என்று கேட்பது பாதுகாப்பானது. அரசாணை கையில் தெளிவாக இருந்தால் மட்டும், நியமனத்தை நேரடியாகக் கேட்கலாம். இதோடு ஓர் இடைக்காலக் கோரிக்கையும் கட்டாயம் வேண்டும்: வழக்கு முடியும்வரை உங்கள் பாடத்தில், உங்கள் இனச்சுழற்சிப் பிரிவில் ஓர் இடத்தை நிரப்பாமல் வைக்க வேண்டும். மொத்தத் தேர்வுக்கும் தடை கேட்காதீர்கள். அது பெரும்பாலும் கிடைக்காது, நீதிபதிக்கு எரிச்சலும் வரும். உங்களுக்குப் பதிலாகப் பட்டியலில் ஏறியவர் யாரென்று தெரிந்தால் அவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். பாதிக்கப்படப் போகிறவரைச் சேர்க்காத மனு அந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளுபடியாகலாம்.

விதியையே எதிர்க்கலாமா என்று வேறு சிலரும் எழுதிக் கேட்கிறார்கள். ஒரே பாட நிபந்தனை அறிவிக்கையில் முன்பே இருந்து, நீங்களும் படித்துவிட்டுத் தேர்வு எழுதியிருந்தால், தோற்ற பிறகு அந்த விதி தப்பு என்று சொல்வதை நீதிமன்றம் கேட்காது. அந்தச் சண்டையைத் தேர்வுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். மாறாக, அறிவிக்கை வந்த பிறகு தகுதியை இறுக்கினார்கள் என்றால் உங்கள் பக்கம் பலம் அதிகம். 2024 நவம்பர் 7 அன்று தேஜ் பிரகாஷ் பாடக் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, விதியோ அறிவிக்கையோ இடம் கொடுக்காதவரை தகுதி நிபந்தனைகளை நடுவில் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. உங்கள் அறிவிக்கைக்குப் பிறகு திருத்த அறிவிக்கை ஏதாவது வந்ததா என்று ஒருமுறை பாருங்கள்.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பணிக்கு பி.எட். போதுமா என்பவர்களுக்கும் ஒரு வரி: 2023 ஆகஸ்ட் 11 அன்று தேவேஷ் சர்மா வழக்கில் போதாது என்று தீர்ந்துவிட்டது. 2018-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் கொடுத்த அனுமதி அதோடு போயிற்று. டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம் என்பதும் எட்டாம் வகுப்புவரைதான், முதுகலை ஆசிரியரான உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

தனி நீதிபதி உங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தால், இரு நீதிபதிகள் அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள் உண்டு. ஆணை நகலுக்கு அன்றே விண்ணப்பியுங்கள். வழக்கு எப்படிப் போனாலும், உங்கள் பட்டத்துக்கு இன்னும் அரசாணையே இல்லை என்றால் உயர்கல்வி மன்றத்தில் இணைத்தன்மை கோரி இந்த வாரமே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். குழு கூடி, பரிந்துரைத்து, ஆணை வர மாதக்கணக்கில் ஆகலாம். அடுத்த அறிவிக்கைக்கு முன்னால் அது வந்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.