பதினொன்றில் எத்தனை அரசியல்?

கேள்வி: பில்லி பிராக்கை இடதுசாரிப் பாடகர் என்று இந்தப் பக்கத்தில் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். அதை நம்பி அவருடைய இரண்டாவது ஆல்பமான 'ப்ரூயிங் அப் வித் பில்லி பிராக்' கேட்டேன். பதினொரு பாட்டில் இரண்டுதான் அரசியல். மீதியெல்லாம் காதல், ஏக்கம், மனஸ்தாபம். வந்ததோ 1984 அக்டோபரில், பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது. அதைப் பற்றி ஒரு பாட்டுகூட இல்லை. இவரை எப்படி அரசியல் பாடகர் என்கிறீர்கள்?

பதில்: எண்ணிக்கை சரி. ஆனால் நீங்கள் பாட்டுகளை எண்ணிப் பிரித்துவிட்டீர்கள், அவை இருக்கும் வரிசையில் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஐந்தாவது பாட்டு 'தி சாட்டர்டே பாய்'. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் கூடப் படிக்கும் பெண்ணை நினைத்து உருகுகிறான். அவளுக்கு அவன்மேல் ஒன்றும் இல்லை. நம் இலக்கணத்தில் கைக்கிளை என்கிறோமே, அதேதான். அதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லின் அர்த்தம் தெரிய அவனுக்கு அகராதி தேவைப்படுகிறது. அவள் போகும் பார்ட்டிக்கு அவனை யாரும் கூப்பிடவும் இல்லை. டேவ் வுட்ஹெட்டின் டிரம்பெட் அந்த ஏக்கத்தைக் கடைசிவரை கூடவே நடத்திக்கொண்டு போகிறது.

அடுத்தது 'ஐலண்ட் ஆஃப் நோ ரிட்டர்ன்'. தென் அட்லாண்டிக்கில் உள்ள ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய போருக்குப் போகும் பிரிட்டிஷ் சிப்பாயின் குரல். அவனுக்கு வரும் உத்தரவைக் கவனியுங்கள்: வரிசையில் நில், கிளம்பு, வெகுதூரம் தெற்கே ஒரு பார்ட்டிக்குப் போகிறோம். முந்தின பாட்டில் எந்தப் பார்ட்டிக்கும் அழைப்பில்லாத பையனை இந்தப் பாட்டில் ராணுவம் அழைத்துக்கொண்டு போகிறது. பிராக் இதைத் திட்டமிட்டு அடுக்கினாரா இல்லையா என்பது வேறு விஷயம். அடுத்தடுத்துக் கேட்டால் எனக்கு இரண்டு பேரும் ஒரே ஆள்தான். அந்தக் காதல் பாட்டை எடுத்துவிட்டால் போர்ப் பாட்டில் சாகப்போகிறவன் யாரென்றே நமக்குத் தெரியாது.

இதை அவர் வெளியிலிருந்து எழுதவில்லை. லண்டனை ஒட்டிய பார்க்கிங் (Barking) என்ற ஊரில் வளர்ந்தவர். அவருடைய பங்க் ராக் இசைக்குழு கலைந்த பிறகு, 1981-இல் ராணுவத்தில் சேர்ந்தார். டாங்கிகளை ஓட்டும் கவசப்படையில் பயிற்சி. மூன்று மாதத்தில் 175 பவுண்டு கட்டி விலகி வந்துவிட்டார். மறு வருடமே ஃபாக்லாந்து போர். 74 நாளில் பிரிட்டன் தரப்பில் 255 பேர், அர்ஜென்டினா தரப்பில் 649 பேர் இறந்தார்கள். பாட்டில் வரும் சிப்பாய் ராத்திரி பகலாகப் பதுங்குகுழி தோண்டுகிறான், தட்டை முழங்கால்மேல் வைத்துச் சாப்பிடுகிறான், எதிரியின் கையில் பர்மிங்ஹாமில் செய்த ஆயுதத்தைப் பார்க்கிறான். அது வெறும் கற்பனை இல்லை. பிரிட்டன் அர்ஜென்டினாவுக்கு ஆயுதம் விற்ற நாடு. தீவுகளைப் பிடிக்க அர்ஜென்டினா அனுப்பிய கப்பல்களில் ஒன்றான 'சாந்திசிமா திரினிதாத்' பிரிட்டிஷ் வடிவமைப்பில் கட்டப்பட்ட போர்க்கப்பல்.

அந்தச் சிப்பாய் இன்னொன்றும் சொல்கிறான். கொலையைக்கூடத் தாங்கிக்கொள்வேன், 'சன்' என்ற பரபரப்புப் பத்திரிகையின் நிருபரிடம் மட்டும் பேசமாட்டேன் என்கிறான். இந்த இடத்தில்தான் உங்கள் வேலைநிறுத்தக் கேள்வி வருகிறது.

ஆல்பத்தின் முதல் பாட்டான 'இட் சேஸ் ஹியர்' பத்திரிகைகளைப் பற்றியது. அரசியலோடு பிங்கோ என்ற எண் சூதாட்டத்தையும் அரைகுறை ஆடைப் படங்களையும் கலந்து விற்கிறவர்களைப் பற்றி. பத்திரிகையின் சொந்தக்காரர்கள்தான் இந்த நாட்டுக்கும் சொந்தக்காரர்கள் என்று நேராகவே சொல்கிறார். ஆல்பம் வந்த அதே 1984-இல், மே மாதம் என்ன நடந்தது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். சுரங்கத் தொழிற்சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் கையை உயர்த்தியபடி இருந்த ஒரு படத்தை ஹிட்லர் சல்யூட் மாதிரி காட்டி, அதற்கேற்ற தலைப்போடு முதல் பக்கம் தயார் செய்தது 'சன்'. அச்சுத் தொழிலாளிகள் அதை அச்சடிக்க மறுத்துவிட்டார்கள். மறுநாள் பத்திரிகை அந்தப் படமும் தலைப்பும் இல்லாமல் வந்தது. வேலைநிறுத்தத்தின் ஒரு பாதி சுரங்க வாசலில் நடந்தது என்றால் மறுபாதி செய்தித்தாளில் நடந்தது. அந்த மறுபாதியைப் பற்றிய பாட்டை ஆல்பத்தின் வாசலிலேயே வைத்தவரைப் பார்த்து வேலைநிறுத்தத்தைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. 'லவ் கெட்ஸ் டேஞ்சரஸ்' எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. பெரும்பாலும் ஒற்றை எலெக்ட்ரிக் கிடார், ஒரு குரல், அவ்வளவுதான். அந்தக் குரலும் எசெக்ஸ் வட்டார உச்சரிப்பை மறைக்காத கரடுமுரடான குரல். பதினொரு பாட்டையும் ஒரே மூச்சில் கேட்டால் சிலருக்கு அலுக்கலாம். ஏழே பாட்டு, பதினாறு நிமிடம் மட்டும் இருந்த முதல் ஆல்பத்தில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் எனக்கு இரண்டாவதுதான் பெரிது. 'செயின்ட் ஸ்விதின்ஸ் டே' மாதிரி ஒரு பிரிவுப் பாட்டை எழுதத் தெரிந்தவர் போரைப் பாடும்போது அது கோஷமாக ஆவதில்லை. 'லைக் சோல்ஜர்ஸ் டூ'வில் காதலர் சண்டையைப் படைவீரர் பேச்சில் சொல்கிறார். வீட்டுக்குள்ளும் போர் எப்படி நுழைந்திருக்கிறது என்று அங்கே தெரிகிறது. இதையும் நீங்கள் காதல் கணக்கில்தான் சேர்த்திருப்பீர்கள்.

இன்னொன்று. அட்டையிலேயே 3.99 பவுண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று அச்சிட்டு விற்ற ஆல்பம் இது. வேலையில்லாத இளைஞர்கள் வாங்கவேண்டும் என்று நினைப்பதும் அரசியல்தான். அப்படி விற்றும் பிரிட்டிஷ் பட்டியலில் 16-ஆம் இடம் வரை போனது.

சரி, உங்களுக்கு நேரடியான சுரங்கப் பாட்டுதான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. வேலைநிறுத்தத்துக்காக ஊர் ஊராகப் போய் நிதி திரட்டும் கச்சேரிகளில் பாடியவர் அவர். 1985 தொடக்கத்தில் 'பிட்வீன் தி வார்ஸ்' என்ற நான்கு பாட்டுத் தட்டை வெளியிட்டு, அதன் வருமானத்தைச் சுரங்கத் தொழிலாளர் நிதிக்குக் கொடுத்தார். அதில் 1931-இல் அமெரிக்காவின் கென்டக்கி சுரங்கப் போராட்டத்தில் ஃப்ளாரன்ஸ் ரீஸ் எழுதிய பாட்டுக்குப் புது வரிகள் போட்டுப் பாடியிருக்கிறார். முதலில் அதைக் கேளுங்கள். அப்புறம் இந்த ஆல்பத்துக்குத் திரும்பி வந்து, ஐந்தையும் ஆறையும் நடுவில் நிறுத்தாமல் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.