ஆமை சாய்ந்து நீந்துகிறதா?

கேள்வி: எங்கள் தண்ணீர் ஆமைக்குக் கண் இரண்டும் வீங்கி மூடிக்கிடக்கிறது, சாப்பிடவும் மாட்டேன் என்கிறது. சொட்டு மருந்து போடலாமா? காய்ந்த இறால்தான் தீனி.

பதில்: காரணத்தை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். காய்ந்த இறாலை மட்டும் தின்று வளரும் ஆமைக்கு வைட்டமின் ஏ குறைந்துபோவது சகஜம், அது குறைந்தால் முதலில் இமைதான் வீங்கும். அழுக்குத் தண்ணீரும் கண்ணைக் கெடுக்கும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். தண்ணீர் ஆமை இரையைப் பார்த்துப் பிடிக்கிற பிராணி, அதனால் கண் மூடினால் சாப்பாடு நின்றுவிடும், சாப்பாடு நின்றால் குறைபாடு இன்னும் கூடும். சொட்டு மருந்து மட்டும் போட்டு என்ன பயன்? மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் ஊசி வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும், ஏனென்றால் அளவு மீறினால் தோலே உரிந்து வந்துவிடும். கண் திறந்த பிறகு ஆமைக்கென்றே விற்கும் பெல்லட், துருவிய கேரட் என்று தீனியை மாற்றுங்கள். தண்ணீரை வடிகட்ட ஃபில்டர் இருந்தாலும் பாதித் தண்ணீரையாவது அடிக்கடி மாற்றத்தான் வேண்டும், மீனைவிட ஆமை பல மடங்கு அசுத்தம் செய்யும்.

கேள்வி: ஓட்டிலிருந்து மெல்லிய செதில் உரிகிறது. நோயா?

பதில்: இல்லை. வளரும் ஆமைக்கு அப்படித்தான் உரியும், பிய்த்து எடுக்காதீர்கள். உரிந்த இடம் குழிந்து, நாற்றம் வந்தால் மட்டும் ஓடு அழுகுகிறது என்று பொருள். அழுத்தினால் ஓடு அமுங்குகிறதா? அப்படியானால் கால்சியமும் புற ஊதா விளக்கும் போதவில்லை. ஜன்னல் வழியாக வெயில் விழுகிறதே என்பார்கள், ஆனால் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

கேள்வி: எங்கள் ஆமை ஒரு பக்கம் சாய்ந்தே மிதக்கிறது, மூக்கில் குமிழ் வருகிறது. விளையாடுகிறது என்கிறார் தம்பி.

பதில்: விளையாட்டு இல்லை, நுரையீரல் தொற்றாக இருக்கலாம். ஒரு பக்க நுரையீரலில் சளி கட்டினால் மிதக்கும் சமநிலை போய்விடும். அப்புறம் ஆமைக்கு நம்மைப் போல உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சுக்கு உதவும் தசை, கிடையாது, இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது, அதனால் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாடிக் ஊசி தேவைப்படலாம். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது சூடு கொடுப்பது. தண்ணீர் 26, 27 டிகிரி செல்சியஸ், ஏறி உட்காரும் திட்டு 32 டிகிரி வரை இருக்கட்டும், ஏனென்றால் உடம்பு குளிர்ந்தால் அதன் நோய் எதிர்ப்பும் மந்தமாகிவிடும். வாயைத் திறந்து மூச்சு விட்டால் ஆழமான தண்ணீரில் விடவே கூடாது, மூழ்கிவிடும்.

கேள்வி: நாய்க்கு வாங்கிய ஐவர்மெக்டின் பூச்சி மருந்தை ஆமைக்குக் கொஞ்சம் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. ஆமைக்கு அது விஷம், உயிரே போய்விடும். மலத்தைப் பரிசோதித்து, பூச்சி இருந்தால் வேறு மருந்து தருவார்கள். தொட்டியைக் கழுவிய பிறகு உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நன்றாக இருக்கும் ஆமையிடமும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.