பச்சைப் புள்ளிக்குக் காவல் இருக்காதீர்கள்

கேள்வி: மூன்று வருடமாக ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மென்பொருளில் பிழை தேடும் டெஸ்டிங் பிரிவு. ஆரம்பத்தில் வரம் கிடைத்த மாதிரி இருந்தது. பயண அலைச்சல் இல்லை, மகளோடும் கூட இருக்கலாம். இப்போது அப்படித் தோன்றவில்லை. 'அவ வீட்லதானே இருக்கா' என்று மாமியார் சொல்லிச் சொல்லி, மணி அடித்தால் கதவைத் திறப்பதிலிருந்து வீட்டில் எல்லாமே என் தலையில்தான். கணவர் ஆபீஸ் போய்விட்டுக் களைத்து வருகிறார். நான் வெளியே போகவில்லை என்பதால் எனக்குக் களைப்பு கிடையாது என்று ஒரு கணக்கு. அந்தப் பக்கம் ஆபீஸ். சாட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடுமோ என்று பயந்து, டைனிங் டேபிளிலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு சாப்பிடும்போதும் மவுஸை அசைக்கிறேன். இரவு 10 மணிக்கு மெசேஜ் வந்தாலும் உடனே பதில் போடுகிறேன். இத்தனை செய்தும், எனக்குப் பிறகு சேர்ந்து தினமும் ஆபீஸ் போகிறவருக்குத்தான் இந்த முறை பிரமோஷன். விருப்பமுள்ளவர்கள் ஆபீசுக்குத் திரும்பலாம் என்று இப்போது மெயில் வந்திருக்கிறது. போய்விடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் பிரமோஷனைவிட அந்த மவுஸ்தான் என்னை அதிகம் உறுத்தியது. நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாமல் ஒரு கையால் அதை ஆட்டிக்கொண்டு இருக்கிறீர்கள். யாருக்காக? உங்கள் மேனேஜர் நாள் முழுக்க அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் மீட்டிங்குகள் உண்டு, அவருக்கும் மேலதிகாரி உண்டு. ஏன், அவருக்கும் ஒரு பச்சைப் புள்ளி உண்டு.

அந்தப் புள்ளிக்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம். கீபோர்டும் மவுஸும் சில நிமிடம் அசையாவிட்டால் மஞ்சள், அவ்வளவுதான். எதை எப்படிச் சோதிப்பது என்ற டெஸ்ட் கேஸை மண்டையைப் பிய்த்துக்கொண்டு தாளில் எழுதினால் நீங்கள் 'இல்லை'. உங்கள் மகள் மவுஸை உருட்டி விளையாடினால் 'இருக்கிறீர்கள்'. மவுஸைத் தானாகவே ஆட்டிக்கொண்டிருக்கும் கருவியைக்கூட விற்கிறார்கள். 2024-ல் அமெரிக்காவின் பெரிய வங்கி ஒன்று, கீபோர்டில் வேலை நடப்பதுபோலப் போலியாகக் காட்டினார்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கியது. நீங்கள் அந்த ரகம் இல்லை. வேலையும் பார்த்துவிட்டு மவுஸையும் ஆட்டுகிறீர்கள். ஆனால் செய்த வேலையைக் காட்டுவதற்குப் போக வேண்டிய சக்தியெல்லாம் 'இங்கேதான் இருக்கிறேன்' என்று காட்டுவதிலேயே போய்விடுகிறது. பிரமோஷன் முடிவு செய்கிற மீட்டிங்கில் யாரும் பச்சைப் புள்ளியை எடுத்து மேஜை மேல் வைப்பதில்லை.

இதில் உங்கள் தொழிலின் குணம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. டெவலப்பர் ஒரு பட்டனைச் சேர்த்தால் அந்தப் பட்டன் திரையில் தெரியும். டெஸ்டிங்கில் நீங்கள் நன்றாக வேலை பார்த்தால் ஒன்றுமே நடக்காது. பணம் இரண்டு முறை பிடித்தம் ஆகாது, ஆப் நடுவில் நிற்காது, வாடிக்கையாளர் போன் போட்டுத் திட்ட மாட்டார். நடக்காமல் போன ஒன்றுக்கு யாரும் கை தட்டுவதில்லை. ஆபீசில் இருப்பவருக்காவது, 'நேத்து ராத்திரி அந்த பேமென்ட் பக்கத்துல பெரிய ஓட்டை ஒண்ணு மாட்டுச்சு' என்று காபி குடிக்கப் போகிற வழியில் சொல்ல வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் அதே ஓட்டையைக் கண்டுபிடித்து, எந்தெந்த ஸ்டெப்பில் வருகிறது, மென்பொருளின் எந்தப் பதிப்பில் வருகிறது, என்ன வர வேண்டியது, என்ன வந்தது என்று ஒழுங்காக எழுதி டிக்கெட், அதாவது பிழைப் பதிவு, போடுகிறீர்கள். டெவலப்பர் சரிசெய்கிறார், டிக்கெட் மூடுகிறது, கதை முடிந்தது. மேனேஜர் கண்ணில் அது பட்டதா?

அதனால் வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிக்கும் முன் ஐந்தாறு வரியில் மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்கள். எத்தனை டெஸ்ட் கேஸ் ஓட்டினேன் என்ற எண்ணிக்கையில் ஆரம்பிக்காதீர்கள், அதை யாரும் படிக்க மாட்டார்கள். இந்த வாரம் பிடிபட்டதில் பெரியது எது, அது அப்படியே வெளியே போயிருந்தால் யாருக்கு என்ன ஆகியிருக்கும், எது இன்னும் பாக்கி, அதற்கு யாரிடமிருந்து என்ன வேண்டும். இவ்வளவு போதும். 'தற்பெருமை மாதிரி இருக்காதா?' என்று நீங்கள் தயங்குவது எனக்குத் தெரிகிறது. இருக்காது. அவர் தன் மேலதிகாரிக்கு அனுப்பும் அறிக்கைக்கு நீங்கள் பாதி வேலையை முடித்துக் கொடுக்கிறீர்கள், சந்தோஷமாக எடுத்து ஒட்டிக்கொள்வார்.

சரி, பிரமோஷனுக்கு வருவோம். கண்ணில் படாதவர் பின்தங்குகிறார் என்ற உங்கள் சந்தேகம் வெறும் மனப்பிரமை என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்டான்ஃபோர்டின் பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் அவருடன் சேர்ந்தவர்களும், ஷாங்காயில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் ஒரு சோதனை நடத்தி 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். விருப்பப்பட்டு முன்வந்தவர்களில் ஒரு பாதியை 9 மாதம், வாரத்தில் 4 நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கவிட்டார்கள். மறு பாதி வழக்கம்போல ஆபீசில். வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. அதில் பெரும்பங்கு எப்படி வந்தது தெரியுமா? இடைவேளையும் உடம்புக்கு முடியாத லீவும் குறைந்து, கூடுதல் நிமிடங்கள் உழைத்ததால். வேலையை விட்டுப் போனவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆனால் செய்த வேலையோடு ஒப்பிட்டால், வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகத்தான் கிடைத்தது. சோதனை முடிந்து 'இனி உங்கள் இஷ்டம்' என்று விட்டபோது, வீட்டிலிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆபீசுக்கே திரும்பிவிட்டார்கள். தனிமைதான் அவர்கள் சொன்ன பெரிய குறை.

அந்தச் சோதனையில் சேர ஒரு நிபந்தனை இருந்தது: வீட்டில் வேலை பார்க்கத் தனி அறை இருக்க வேண்டும். நீங்களோ டைனிங் டேபிளில் உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள்.

அதே நிறுவனம் பிற்பாடு 1,612 பேரை வைத்து இன்னொன்றைச் சோதித்தது. இந்த முறை வாரத்தில் 2 நாள் மட்டும் வீடு, மற்ற நாள் ஆபீஸ். 2024-ல் வெளியான முடிவின்படி, வேலையை விட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அப்படி விடாமல் நின்றவர்களில் பெண்களும் தூரத்திலிருந்து வருகிறவர்களும் முக்கியமானவர்கள். அடுத்த 2 வருடத்துக்குப் பதவி உயர்விலும் மதிப்பீட்டிலும் யாரும் பின்தங்கவில்லை. ஒரு நிறுவனத்தில் நடந்தது எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்திவிடாது. ஆனாலும் 'முழுசாக வீடா, முழுசாக ஆபீசா' என்று நீங்கள் உங்களையே நெருக்கிக்கொள்ளத் தேவையில்லை என்பதற்கு இது போதும்.

கோபத்தில் முழுசாக ஆபீசுக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது பகலில் செய்கிற வீட்டு வேலையெல்லாம் அப்படியே சாயங்காலத்துக்கு நகரும். நீங்களும் களைத்து வருவீர்கள், கணவரும் களைத்து வருவார். எழுந்து போகப் போவது யார் என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் பேச வேண்டிய பேச்சு எங்கே வேலை பார்த்தாலும் பாக்கிதான்.

அந்தப் பேச்சை மாமியாரிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள். கணவரிடம் போங்கள், அதுவும் குறையாக இல்லாமல் கணக்காக. ஒரு வாரம், லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வையுங்கள். வேலை நேரத்தில் வீட்டுக் காரியத்துக்காக எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு, பக்கத்தில் ஒரே சொல்: 'மணி', 'கூரியர்', 'மோட்டார்', 'சாவி எங்கே'. வாரக் கடைசியில் அந்தத் தாளை அவர் முன்னால் வையுங்கள். கூரியர் வாங்க ஒரு நிமிடம்தானே என்பார். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி நீங்கள் பேச வேண்டியதில்லை. பதினாலு ஸ்டெப் உள்ள ஒரு டெஸ்டில் ஒன்பதாவதில் எழுந்து போனால், திரும்பி வந்து எட்டா ஒன்பதா என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருப்பதைச் சொல்லுங்கள். அது அவருக்குப் புரியும், அவரும் வேலைக்குப் போகிறவர்தானே. அப்புறம், அவருடைய அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டியது அவர்தான். மருமகள் சொன்னால் புகார் ஆகிவிடும் விஷயம், மகன் சொன்னால் தகவலோடு நின்றுவிடும்.

மாமியாரை நான் வில்லியாகப் பார்க்கவில்லை. வேலை என்றால் அவர் பார்த்தது, காலையில் பையோடு வெளியே போய் இருட்டிய பிறகு திரும்பி வருவது. இப்போது அவர் கண் முன்னால் மருமகள் நாள் முழுக்கத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அதில் எது வேலை, எது வேடிக்கை என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிகிற மாதிரி ஓர் அடையாளம் கொடுங்கள். முதலில் டைனிங் டேபிளை விடுங்கள். தனி அறை இல்லாவிட்டால் படுக்கையறையின் ஒரு மூலை, ஒரு சின்ன மேஜை, சாத்தக்கூடிய கதவு. 'அத்தை, 10 மணியிலேர்ந்து 1 மணி வரைக்கும் நான் ஆபீஸ்ல இருக்கேன்னு வச்சுக்கோங்க. ஒரு மணிக்கு வெளிய வந்து உங்ககூட உக்காந்து சாப்பிடறேன்.' இதில் இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். ஒரு மணிக்கு நிஜமாகவே வெளியே வாருங்கள், லேப்டாப் இல்லாமல். சொன்ன நேரத்துக்கு நீங்கள் வரவில்லை என்றால் மறுநாள் பதினொரு மணிக்கே கதவு தட்டப்படும். அவரைக் குறை சொல்ல முடியாது.

இரவு 10 மணி மெசேஜ் விஷயத்தில் பாதிப் பொறுப்பு உங்களுடையது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அனுப்பியவர், மறப்பதற்குள் போட்டுவைப்போம் என்று அனுப்பியிருப்பார். நீங்கள் அரை நிமிடத்தில் பதில் போட்டதும், இந்த நேரத்தில் இவரிடம் கேட்கலாம் என்று பழகிவிடுகிறார். பிரான்சில் 2017-லிருந்தும் ஆஸ்திரேலியாவில் 2024-லிருந்தும், வேலை நேரத்துக்குப் பின் ஆபீஸ் தொடர்பிலிருந்து விலகி இருக்கும் உரிமைக்குச் சட்டமே இருக்கிறது. உங்களுக்கு அப்படியொரு சட்டம் இருக்கிறதோ இல்லையோ, டீமில் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம்: உண்மையான அவசரம் என்றால் போன் வரட்டும், சாட்டில் வருவது காலை வரை காத்திருக்கட்டும். மேனேஜரிடம் கேட்டு அவர் வாயாலேயே டீமுக்குச் சொல்ல வையுங்கள். போன் எவ்வளவு அபூர்வமாக வருகிறது என்று பார்த்து நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

நானும் சில வருடங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். காலை நேரத்தை எப்படியோ சமாளித்துவிடலாம். எனக்குச் சிக்கல் சாயங்காலம்தான். ஆபீசில் விளக்கை அணைப்பார்கள், ஆட்கள் கிளம்புவார்கள், நாமும் கிளம்புவோம். வீட்டில் அப்படி யாரும் கிளம்புவதில்லை. கடைசியில் எனக்குக் கைகொடுத்தது ஓர் அலமாரி. வேலை முடிந்ததும் லேப்டாப்பை மூடி, சார்ஜரைச் சுற்றி, இரண்டையும் மேல் தட்டில் வைத்துச் சாத்திவிடுவேன். ஸ்டூல் போட்டு ஏறி எடுக்க வேண்டும். 'ஒரே ஒரு மெயில் பார்த்துவிடலாம்' என்ற நினைப்பு ஸ்டூலைத் தேடும்போதே செத்துவிடும். மன உறுதியைவிட நான் சோம்பேறித்தனத்தைத்தான் நம்பினேன், அது கைவிட்டதே இல்லை.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். கடிதம் முழுக்க மாமியார், கணவர், மகள், மேனேஜர். நீங்கள் மனம்விட்டுப் பேசுகிற சக ஊழியர் என்று ஒருவர்கூட இல்லை. கடைசியாக எப்போது ஆபீஸ் ஆள் ஒருவரிடம் டிக்கெட்டைப் பற்றி இல்லாமல் சும்மா பேசினீர்கள்? ஷாங்காய்க்காரர்கள் பாதிப் பேர் எதற்காகத் திரும்பினார்களோ, அது உங்களுக்கும் இருக்கலாம். 'போய்விடட்டுமா' என்று கேட்கிறபோது அதில் எவ்வளவு பங்கு பிரமோஷன், எவ்வளவு பங்கு ஆள் முகம் பார்க்கும் ஆசை என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவதுதான் அதிகம் என்றால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, போகலாம்.

இனி மெயிலுக்கு வருவோம். பதில் போடும் முன் மேனேஜரிடம் அரை மணி நேரம் கேளுங்கள், கேமராவை ஆன் செய்து பேசுங்கள். 'அவருக்கு ஏன் கொடுத்தீர்கள்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் அந்த முடிவை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார், அதற்கு மேல் பேச்சு நகராது. 'அடுத்த முறை எனக்கு வர வேண்டுமென்றால் என்னிடம் எதைப் பார்ப்பீர்கள்? அதை யார் யார் சேர்ந்து முடிவு செய்வார்கள்?' என்று கேளுங்கள். டெஸ்டைத் தானாக ஓட வைக்கும் ஆட்டோமேஷன் கற்றுக்கொள்ளுங்கள், இந்த மாட்யூலை முழுசாகப் பொறுப்பெடுங்கள் என்று குறிப்பாக ஏதாவது சொன்னால் அதை அன்றைக்கே எழுதி அவருக்கு அனுப்பி வையுங்கள். 'மேலே இருக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியவில்லை' என்றால் அது இடம் சார்ந்த பிரச்சினை. வாரம் 2 நாள் ஆபீஸ் போனால் பெரும்பாலும் சரியாகும். 'பார்க்கலாம், நீங்களும் நல்லாத்தான் பண்றீங்க' என்று வழுக்கினால், பயோடேட்டாவைப் புதுப்பிக்க ஆரம்பியுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் தினமும் போய் உட்கார்ந்தாலும் ஒன்றும் மாறாது.

வழுக்கவில்லை என்றால், மெயிலுக்கு இப்படிப் பதில் எழுதலாம்: 'வாரத்தில் 2 நாள் ஆபீஸ் வர விரும்புகிறேன். 3 மாதம் பார்த்துவிட்டு மறுபடி பேசலாமா?' எந்த 2 நாள் என்று அவர்களாக முடிவு செய்ய விடாதீர்கள். மேனேஜரும் உங்கள் டெவலப்பர்களும் எந்த நாள் சீட்டில் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து, அந்த நாட்களையே கேட்டு வாங்குங்கள். காலியான ஃப்ளோரில் தனியாக உட்கார்ந்து அதே சாட்டில் பேசுவதற்காக அத்தனை தூரம் போக வேண்டியதில்லை.