அழாமல் பாடுகிறவர்

அன்புள்ள சார்,

ஆறு மாதமாகப் பழைய ஜாஸ் பாடகர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சினாட்ரா, நாட் கிங் கோல், பில்லி ஹாலிடே என்று போய், போன வாரம் எலா ஃபிட்ஸ்ஜெரால்டின் கோல் போர்ட்டர் சாங்புக்கை, அதாவது இசையமைப்பாளர் கோல் போர்ட்டரின் பாட்டுகளை மட்டும் அவர் பாடிய தொகுப்பை, ஒரே நாளில் முழுவதும் கேட்டேன். குரல் அழகு, சுருதி சுத்தம், எல்லாம் சரி. ஆனால் மனதைத் தொடவில்லை. பில்லி ஹாலிடே பாடினால் எனக்கு அழுகை வருகிறது. எலா பிரிவுத் துயரைக்கூடச் செய்தி வாசிப்பது போலப் பாடுகிறார். வாழ்க்கையில் அடிபடாத குரல் என்று தோன்றியது. தவறான தட்டில் தொடங்கிவிட்டேனா? எதில் தொடங்க வேண்டும்? அப்புறம், ஒரே பாட்டை ஏன் இத்தனை பேர் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள்? வெறும் அசைகளை வைத்துப் பாடும் அந்த அர்த்தமில்லாத ஸ்காட் பாடலில் என்ன இருக்கிறது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டு வரியில் பதில் போட்டு முடித்திருக்க வேண்டிய கடிதம். ‘செய்தி வாசிப்பது போல’ என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஸ்காட்டை விட்டுவிடுவோம். தில்லானாவில் வரும் ‘தீம் தனன’வுக்கு நாம் யாரும் அகராதி தேடியதில்லை. ஒரே பாட்டை ஏன் பலர் பாடுகிறார்கள் என்பதும் அப்படித்தான். ஸ்டாண்டர்ட் என்று சொல்லப்படும் பாட்டுகளில் பெரும்பாலானவை 1920களிலிருந்து பிராட்வே நாடகங்களுக்கும் படங்களுக்கும் எழுதப்பட்டவை. நாடகம் மறந்துபோகும், பாட்டு தங்கிவிடும். அதன்பின் அது பாடுகிற எல்லோருக்கும் பொது. கீர்த்தனையை ஐம்பது பேர் பாடினால் காப்பி என்கிறோமா? சினிமாப் பாட்டு நம் காதைக் கெடுத்து வைத்திருக்கிறது, ஒரு பாட்டுக்கு ஒரு குரல்தான் சொந்தக்காரர் என்று.

‘வாழ்க்கையில் அடிபடாத குரல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். எலா 1917இல் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸில் பிறந்தவர். நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸில் வளர்ந்தார். பதினைந்து வயதில் அம்மா இறந்துபோனார். சீர்திருத்தப் பள்ளியில் அடைத்தார்கள், அங்கிருந்து தப்பித்து ஹார்லெம் தெருக்களில் திரிந்தார். 1934 நவம்பர் 21ஆம் தேதி அப்போலோ தியேட்டரில் புதியவர்களுக்கான போட்டி. ஆடுவதற்குத்தான் பெயர் கொடுத்திருந்தார். தனக்கு முன்னால் ஆடிய சகோதரிகளைப் பார்த்துக் கால் நடுங்கி, ஆடாமல் பாடினார். பரிசு வாங்கினார். அப்போது வயது பதினேழு. வாழ்நாள் முழுக்க அந்தக் கஷ்டங்களைப் பற்றி அவர் வாயைத் திறக்கவே இல்லை என்றே சொல்லலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு இப்போது போய் அதே தட்டைப் போட்டு அழப்போகிறீர்கள் என்றால், நான் சொன்னதே தப்பு. உங்கள் பிரச்சினை அதுதான். பாட்டுக்கு முன்னால் வாழ்க்கை வரலாற்றைப் படித்துவிடுகிறீர்கள். பில்லி ஹாலிடே 1959இல் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோதுகூட அவரைக் கைதுசெய்து காவல் போட்டிருந்தார்கள் என்று எங்கோ படித்திருப்பீர்கள், அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டேதான் கேட்கிறீர்கள். அவருடைய தட்டில் எங்கேயாவது விம்மல் இருக்கிறதா, தேடிப் பாருங்கள். கிடையாது. தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, ஒரு சொல்லை எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்குவது போல எடுப்பார். அவ்வளவுதான். அழுகிறவர் நீங்கள், அவர் இல்லை. பில்லியைக் குறைத்துச் சொல்லவில்லை. 1958இல் குரல் உடைந்தபிறகு அவர் பாடிய தட்டு என்னிடம் இருக்கிறது, வருஷத்துக்கு ஒருமுறைதான் எடுப்பேன்.

அப்புறம் இன்னொன்று. கோல் போர்ட்டர் சாங்புக்கில் 32 பாட்டு. அதை ஒரே நாளில் கேட்டிருக்கிறீர்கள். பந்தியில் உட்கார்ந்து 32 லட்டு தின்றுவிட்டு ‘இனிப்பே தெரியவில்லை’ என்று சொன்னால் சமையல்காரர் என்ன செய்வார்? 1956இல் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் வெர்வ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியதும் வெளியிட்ட தட்டு அது. பட்டி பிரெக்மனின் பேண்டு சில இடங்களில் பாட்டை முழங்கையால் இடிக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ‘எவ்ரி டைம் வி சே குட்பை’ இருக்கிறது. நீங்கள் ‘செய்தி வாசிப்பு’ என்றது அநேகமாக அதைத்தான்.

அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கவனியுங்கள். மெட்டு கிட்டத்தட்ட ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருக்கிறது. விடைபெறும்போது பேச்சு வராதே, ஒரே சொல்லையே திரும்பச் சொல்லிக்கொண்டு நிற்போமே, அதுபோல. கீழே கார்டுகள் (chords), அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள், மட்டும் மாறிக்கொண்டே போகின்றன. மேலே நிற்கிற சுரம் ஒரு இம்மி ஆடினாலும் கீழே நடப்பது காதில் விழாது. குளத்தில் கல் எறிந்தால் அடியில் போகிற மீன் தெரியாமல் போவது போல. எலா ஆடமாட்டார். அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பார். பாட்டின் பின்பகுதியில், மேஜரிலிருந்து மைனருக்கு, அதாவது தெளிந்த சாயலிலிருந்து சோகச் சாயலுக்கு, மாறுவது எவ்வளவு விசித்திரமாக இருக்கிறது என்று ஒரு வரி வரும். சரியாக அந்தச் சொல்லில் இசையும் மேஜரிலிருந்து மைனருக்கு இறங்குகிறது. கோல் போர்ட்டர் வைத்த கண்ணி அது. அந்த இடத்தில் பாடுகிறவர் குரலை உடைத்துக் காட்டினால் என்ன ஆகும்? துக்கம் கார்டில் இருக்கிறது என்பது மறைந்து, பாடகிக்கு மனசு சரியில்லை என்பது மட்டும் மிஞ்சும். எலா சொல்லைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்கிற மாதிரி. நீங்கள் உள்ளே போகாமல், கதவைத் திறந்தவர் ஏன் அழவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்தத் தட்டைப் போட்டுக்காட்டியபோது, இந்தப் பெண்ணின் உச்சரிப்பு என்ன அருமை என்றாராம் போர்ட்டர். இதை எலாவைக் கேலி செய்யச் சொல்கிறவர்கள் உண்டு, பாவம் உச்சரிப்பைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை என்று. எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இருப்பதாகத் தெரியவில்லை.

எனக்கு எலா வந்தது தட்டில் அல்ல, சிற்றலையில். எண்பதுகளின் கடைசி. ராத்திரி பிபிசி தமிழோசை முடிந்ததும் அப்பா ரேடியோவை என்னிடம் விட்டுவிடுவார். முள்ளை நகர்த்தி நகர்த்தி வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவைப் பிடிப்பேன். வில்லிஸ் கானோவர் என்றொருவர் ஜாஸ் நிகழ்ச்சி நடத்துவார். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்காகவே ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒலிபரப்பு உள்நாட்டுக்குக் கிடையாது என்பதால், உலகமெல்லாம் தெரிந்த அவரை அவர் ஊரிலேயே அதிகம் பேருக்குத் தெரியாது. 1996 மே மாதம் அவர் போனார், ஜூன் மாதம் எலா.

சிற்றலையில் இசை அலைபோல ஏறி இறங்கும். பேண்டு முழுக்க இரைச்சலில் மூழ்கிவிடும். அப்போதும் எலாவின் சொற்கள் மட்டும் மேலே மிதந்து வரும். நான் ஆங்கிலம் கற்றுக்கொண்டதில் பாதி அப்படித்தான். ஒருநாள் அப்பா தூங்கவில்லைபோல, கட்டிலிலிருந்தே கேட்டார்: “யாருடா இந்தம்மா, ஒவ்வொரு வார்த்தையா எடுத்துக் கையில குடுக்குது?” அவருக்கு ஆங்கிலம் மணியார்டர் பாரம் நிரப்புகிற அளவுக்குத்தான் வரும்.

வேலை கிடைத்து நான் வடக்கே போன நாளில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். பஸ் கிளம்பும்வரை டிக்கெட், தண்ணீர், ஜன்னல் சீட்டில் வெயில் எந்தப் பக்கம் விழும், இவ்வளவுதான் பேசினார். பக்கத்து சீட்டுக்காரரை வழியனுப்ப வந்த குடும்பம் கதறிக்கொண்டிருந்தது. அப்பா என் பையை மேலே வைத்துவிட்டு, அது விழாதா என்று இரண்டுமுறை அசைத்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

போன மாதம் அவருக்குத் திதி. சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பெரியத்தை பழைய கதையை எடுத்தார். தன் அண்ணன் செத்த அன்றைக்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம், கல் மனசாம், பந்தலுக்கு எத்தனை நாற்காலி என்று எண்ணிக்கொண்டிருந்தேனாம். உண்மைதான், எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு. இன்னும் நினைவிருக்கிறது. அத்தைக்குப் பதில் சொல்ல முடியாது, வயது எண்பத்தைந்து. உங்கள் கடிதம் மறுநாள் வந்தது. அத்தைக்குச் சொல்லியிருக்க வேண்டியதில் பாதியை உங்கள் தலையில் கொட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? சாங்புக்குகளை இப்போதைக்கு மூடி வையுங்கள். மொத்தம் எட்டு, 1964வரை வந்தன. கெர்ஷ்வின் என்ற இசையமைப்பாளரின் பாட்டுகளுக்கு நெல்சன் ரிடில் வாத்திய அமைப்பு செய்த 1959 தொகுப்பு ஐந்து தட்டு, அது உங்களைப் போன்ற அவசரக்காரர்களுக்கு ஆகாது. 1950இல் டெக்கா நிறுவனத்துக்காக எலா பாடிய கெர்ஷ்வின் பாட்டுகளை எடுங்கள். எட்டே பாட்டு. எல்லிஸ் லார்கின்ஸின் பியானோ தவிர வேறு வாத்தியமே இல்லை. அதில் ‘பட் நாட் ஃபார் மீ’ இருக்கிறது. ஊரெல்லாம் காதல் பாட்டு, எனக்கு மட்டும் இல்லை என்கிற பாட்டு. ஒரு நாளைக்கு ஒன்றுதான், சொல்லிவிட்டேன். கேட்கும்போது எலாவைப் பற்றி எதையும் தேடிப் படிக்காதீர்கள். பாத்திரம் தேய்க்கலாம். நான் அப்படித்தான் கேட்கிறேன்.

அன்புடன்.