போனில் இருக்கும் படம் டிவியில் ஓட: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய கேள்விகள் ஒரே மாதிரி தொடங்கின: "ஒரு கேபிள் வாங்கினேன், வேலை செய்யவில்லை." படித்தபோது வருத்தமாக இருந்தது. ஐநூறு, ஆயிரம் என்று கொடுத்து வாங்கிய சாமான் அலமாரியில் கிடக்கிறது. படம் டிவிக்குப் போகும் வழி எத்தனை வகை என்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பேர் எதையுமே வாங்கியிருக்க மாட்டார்கள். அதனால் முதல் பதிலைக் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன். மற்ற பதில்களைப் படிக்கும் முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

யூட்யூப் படம் டிவியில் அருமையாக ஓடுகிறது. போனில் ஏற்றி வைத்திருக்கும் படத்தை அனுப்பினால் மட்டும் திக்கித் திக்கி ஓடுகிறது. போனும் தோசைக்கல் மாதிரி சுடுகிறது. டிவி கோளாறா?
*வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை*

டிவியில் கோளாறு இல்லைங்க. நீங்கள் செய்வது இரண்டு வேறு வேலைகள். பட்டன் மட்டும்தான் ஒன்று போலத் தெரிகிறது.

யூட்யூபில் காஸ்ட் பட்டனை அழுத்தும்போது போன் படத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. "காசிமேட்டில் இன்ன படகில் மீன் வந்திருக்கு, நீயே போய் வாங்கிக்கோ" என்று டிவியிடம் முகவரி மட்டும் சொல்கிறது. டிவி தானே நெட்டிலிருந்து படத்தை எடுத்துக்கொள்கிறது. டிவியில் செருகும் கூகுளின் குரோம்காஸ்ட் கருவி 2013-இல் வந்ததிலிருந்து அந்த வகைக் கருவிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. அதனால்தான் நடுவில் போனைப் பூட்டி வைத்தாலும், யாருக்காவது போன் செய்தாலும் படம் நிற்பதில்லை.

கேலரியில் இருக்கும் படத்துக்கு நீங்கள் திரையையே அனுப்புகிறீர்கள். சாம்சங்கில் அதற்கு ஸ்மார்ட் வியூ என்று பெயர். மற்ற போன்களில் காஸ்ட், ஸ்கிரீன்காஸ்ட், வயர்லெஸ் டிஸ்பிளே என்று ஆளுக்கொரு பெயர். அடியில் இருப்பது பெரும்பாலும் 2012-இல் வந்த மிராகாஸ்ட் முறைதான். இதில் போன் படத்தையும் ஓட்ட வேண்டும், ஓடும் திரையை நொடிக்கு நொடி மறுபடி சுருக்கி டிவிக்கு அனுப்பவும் வேண்டும். கூடையைத் தலையில் சுமந்துகொண்டு ஓடுவது போலத்தான். சூடாகாமல் என்ன செய்யும்?

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. உங்களுக்கு அதுதான் சரி. வீடியோ ஓட்டும் விஎல்சி செயலியைப் போடுங்கள், இலவசம்தான். போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருந்தால், விஎல்சிக்குள் படத்தைத் திறந்ததும் மேலே காஸ்ட் குறி தெரியும். அதை அழுத்தினால் போன் திரையை அனுப்பாது, படத்தின் ஃபைலையே அனுப்பும். திறந்து ஓட்டும் வேலை டிவியுடையது. டிவியால் படிக்க முடியாத வகை ஃபைலாக இருந்தால் மட்டும் போன் அதை மாற்றி அனுப்பப் பார்க்கும், அப்போது கொஞ்சம் சுடும். இந்தக் குறி குரோம்காஸ்ட் வசதி உள்ள டிவிகளுக்கு வரும். உங்கள் டிவி ஆண்ட்ராய்டு டிவியாக இருந்தால் நிச்சயம் முயன்று பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் பக்கம் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரூட்டர், எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே வைஃபை அலைவரிசையில் இடித்துக்கொண்டு நிற்கும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் போனையும் டிவியையும் அதில் மாற்றுங்கள். அந்த அலை சுவரைத் தாண்ட முடியாமல் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒரே அறைக்குள் அது நமக்கு நல்லதுதான், ஏனென்றால் பக்கத்து வீட்டு அலையும் உங்கள் அறைக்குள் வந்து தொந்தரவு செய்யாது.

டைப்-சி முதல் எச்டிஎம்ஐ வரை போகும் கேபிள் வாங்கினேன். போன் சார்ஜ் ஆகிறது, டிவியில் "நோ சிக்னல்". கேபிள் போலியா?
*வாசகர், தண்டையார்பேட்டை*

கேபிள் நல்லதாகவே இருக்கலாம். போனில் அந்த வசதி இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். டைப்-சி என்பது ஓட்டையின் வடிவத்துக்குப் பெயர், அவ்வளவுதான். அந்த ஓட்டை வழியே படம் வெளியே வர, போன் நிறுவனம் உள்ளே டிஸ்பிளேபோர்ட் இணைப்பைக் கொடுத்திருக்க வேண்டும். பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் போன்களில் பெரும்பாலும் கொடுப்பதில்லை.

உங்களுடையது ஆண்ட்ராய்டு போனாக இருந்து, விவரப் பக்கத்தில் யூஎஸ்பி 2.0 என்று இருந்தால் இந்தக் கேபிள் பெரும்பாலும் உங்களுக்கு உதவாது. யூஎஸ்பி 3.1 அல்லது 3.2 என்று இருந்தால் நம்பிக்கை வைக்கலாம், ஆனாலும் டிஸ்பிளேபோர்ட் என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சாம்சங்கின் எஸ் வரிசையில் எஸ்8 முதல் இந்த வசதி இருக்கிறது. கூகுள் பிக்சலில் 8 முதல் இருக்கிறது. 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் ஐபோன்களிலும் இருக்கிறது. அதற்கு முந்தைய லைட்னிங் ஓட்டை ஐபோன் என்றால் அதற்கென்று தனி அடாப்டர் வாங்க வேண்டும். பழைய மைக்ரோ யூஎஸ்பி போன்களுக்கு எம்எச்எல் என்று ஒரு முறை இருந்தது, இப்போது யாரும் தருவதில்லை.

பர்மா பஜாருக்கோ ரிச்சி தெருவுக்கோ கிளம்பும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்தால் பஸ் காசும் மிச்சம். கடையில் முடிந்தால் உங்கள் போனையே செருகிக் காட்டச் சொல்லி, படம் வந்த பிறகு பணம் கொடுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

நெட்ஃபிளிக்ஸ் 149 ரூபாய் பிளான் போட்டிருக்கிறேன். திரையை டிவிக்கு அனுப்பினால் சத்தம் மட்டும் வருகிறது, படம் கறுப்பு.
*கல்லூரி மாணவர், புளியந்தோப்பு*

அது மொபைல் பிளான், தம்பி. போனிலும் டேப்லெட்டிலும் பார்க்க மட்டும்தான். திரையை அனுப்பும்போது கறுப்பாக வருவது படத்துக்குப் போட்ட நகல் தடைப் பூட்டு. கேபிள் மாற்றினாலும் செயலி மாற்றினாலும் அது திறக்காது. டிவியில் வேண்டுமென்றால் அடுத்த பிளானுக்கு மாறுவதுதான் வழி.

எங்கள் கல்யாண வீடியோவை ஸ்டுடியோவில் ஹார்ட் டிஸ்கில் கொடுத்தார்கள். பென் டிரைவில் ஏற்ற முடியவில்லை, "ஃபைல் பெரியது" என்கிறது. ஹார்ட் டிஸ்கையே டிவியில் செருகினால் "இந்த வகை ஃபைல் ஓடாது" என்று வருகிறது. கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது. அம்மா பார்க்க ஆசைப்படுகிறார்.
*வாசகி, வியாசர்பாடி*

இரண்டு தனித்தனிச் சிக்கல். முதலாவது சுலபம். உங்கள் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் இடம் எவ்வளவு இருந்தாலும் தனி ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும். இன்றைய ஸ்மார்ட் டிவிகளில் பெரும்பாலானவை அதைப் படிக்கும். ஆனால் ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். நானே ஒருமுறை அக்கா வீட்டில் அவசரத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அழுத்திவிட்டேன். பேத்தியின் காதுகுத்துப் படங்கள் போய்விட்டன, இன்றுவரை மனசில் உறுத்துகிறது. தயவுசெய்து முதலில் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகல் எடுங்கள்.

இரண்டாவது கொஞ்சம் ஆழமானது. எம்பி4 என்பது டப்பாவின் பெயர். உள்ளே சாம்பாரா ரசமா என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். எச்.264 என்றால் ஏறக்குறைய எல்லா டிவியும் ஓட்டும். எச்.265 என்றால் கொஞ்சம் புதிய டிவி வேண்டும். அதிலும் இப்போதைய கேமராக்கள் எடிட்டிங்கில் நிறம் நன்றாக வர 4:2:2, 10 பிட் என்ற முறையில் பதிவு செய்கின்றன. டிவிக்குள் இருக்கும் சிப் நிற விவரம் குறைவான 4:2:0 முறைக்காகச் செய்யப்பட்டது. எடிட்டர் அதே முறையில் ஃபைலைக் கொடுத்திருந்தால் கம்ப்யூட்டர் சமாளித்துவிடும், டிவி கையை விரித்துவிடும்.

ஸ்டுடியோவைக் கேட்கத் தயங்காதீர்கள். "எச்.264, 8 பிட், 1080, சத்தம் ஏஏசி, எம்பி4 ஃபைல், டிவியில் பார்க்க" என்று இப்படியே சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும். ஏற்கெனவே காசு வாங்கிய வேலைதான். அவர்கள் செய்து தரவில்லை என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டு நீங்களே மாற்றலாம். நொடிக்கு 8 மெகாபிட் வைத்தால் ஒரு மணி நேரப் படம் 3.6 ஜிபி வரும். தாலி கட்டும் இடம், நலங்கு, வரவேற்பு என்று தனித்தனி ஃபைலாகப் பிரித்துக்கொண்டால் அம்மா வேண்டியதை மட்டும் எடுத்துப் பார்க்க வசதியாக இருக்கும். மூல ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். நாளைக்கு வரும் டிவி அதை ஓட்டக்கூடும்.

படம் ஓடி சத்தம் மட்டும் வராத ஃபைல்களைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் டிடிஎஸ் என்ற முறையில் சுருக்கிய ஒலி. சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் அதை விட்டுவிட்டது. டிவியில் விஎல்சி போட முடிந்தால் அதில் ஓட்டிப் பாருங்கள், சத்தம் வந்துவிடும்.

ஆயாவிடம் அரசு கொடுத்த இலவச கலர் டிவி இன்னும் நன்றாக ஓடுகிறது. புது டிவி வேண்டாம் என்கிறார். அவருக்குப் பிடித்த பழைய படங்களை அதில் போட்டுக் காட்ட முடியுமா?
*வாசகர், காசிமேடு*

முடியும். உங்கள் ஆயா சொல்வதையே நானும் சொல்வேன், ஓடுகிற டிவியைத் தூக்கிப் போட வேண்டாம். முதலில் கேபிள் செட்டாப் பாக்ஸின் முன்னாலோ பின்னாலோ யூஎஸ்பி ஓட்டை இருக்கிறதா பாருங்கள். பல பாக்ஸ்களில் இருக்கிறது, மெனுவில் மீடியா பிளேயர் என்று வரும். பென் டிரைவைச் செருகினால் போதும், ஒரு ரூபாய் செலவில்லை.

அது இல்லையென்றால் எச்டிஎம்ஐ-யிலிருந்து ஏவி-க்கு, அதாவது பழைய டிவியின் மஞ்சள், வெள்ளை ஓட்டைகளுக்கு, மாற்றும் சின்னப் பெட்டி வாங்கி, அதில் நெட்டிலிருந்து படம் எடுக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருக வேண்டும். கடையில் கவனம் தேவை. ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் பெட்டியும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், அது உங்களுக்கு உதவாது. பெட்டிக்கும் ஸ்டிக்குக்கும் தனித்தனியாக மின்சாரம் வேண்டும், இரண்டையும் சார்ஜரில் போடுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் PAL, NTSC என்று ஒரு சுவிட்ச் இருந்தால் PAL பக்கம் தள்ளுங்கள், நம் ஊர் டிவியின் பட முறை அதுதான். டிவியில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்தால் மஞ்சளும் வெள்ளையும் போதும்.

கடல் பக்கத்து வீடு என்பதால் ஒரு வார்த்தை: உப்புக் காற்றில் அந்த ஏவி பின்கள் துரு பிடித்திருக்கும். படம் ஆடினால் வயரைச் செருகிய நிலையில் நாலு முறை திருப்பிப் பாருங்கள். பின்பக்க மூடியை மட்டும் கழற்றாதீர்கள். பிக்சர் டியூபில் சுவிட்சை அணைத்த பிறகும் ஆளை அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

எல்லா ஓடிடியும் ஆயுளுக்கும் இலவசம் என்று ஒரு ஆண்ட்ராய்டு பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?
*வாசகர், பெரம்பூர்*

வேண்டாம். பெயர் தெரியாத இப்படிப்பட்ட பெட்டிகளில் சில, தொழிற்சாலையிலிருந்தே வைரஸோடு வருகின்றன. டி95 என்ற பெட்டியில் அப்படி இருந்தது 2023-இல் வெளியே வந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற வைரஸ் புகுந்த இந்த வகைக் கருவிகளைப் பற்றி மக்களை எச்சரித்தது. உங்கள் வீட்டு இணைப்பின் வழியே வேறு யாரோ தப்பு வேலை செய்ய, முகவரி மட்டும் உங்களுடையதாக இருக்கும். அதே வைஃபையில்தான் உங்கள் போனும் இருக்கிறது, அதில்தான் வங்கிக் கணக்கும் இருக்கிறது.

படத்துக்காக உழைத்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். செட்டுக்கு ஆணி அடித்தவரும் லைட்டைத் தூக்கியவரும் நம் தெருவில் இருக்கக்கூடியவர்கள். தியேட்டரில் திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பதற்கும் அதைப் பரப்புவதற்கும் 2023-இல் திருத்திய சினிமா சட்டப்படி 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம். படத்தயாரிப்பு நிறுவனங்களும் சேனல்களும் தாங்களே யூட்யூபில் ஏற்றியிருக்கும் முழுப் படங்கள் ஏராளம். அதிலிருந்து தொடங்குங்கள்.

ஹவுசிங் போர்டில் இருக்கிறோம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போன் எங்கள் டிவியில் வந்துவிடுகிறது.
*வாசகி, கொருக்குப்பேட்டை*

திரையை அனுப்பும் முறைக்கு வைஃபை பாஸ்வேர்டு தேவையில்லை, எட்டும் தூரத்தில் இருக்கும் டிவியெல்லாம் பட்டியலில் வரும். டிவி செட்டிங்ஸில் புதிய போன் வந்தால் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கச் சொல்லுங்கள், பழைய பட்டியலை அழித்துவிடுங்கள். டிவிக்கு "வீட்டு ஹால்" போல ஒரு பெயரும் வைத்துவிடுங்கள். நிறைய டிவிகள் மாடல் எண்ணோடு ஒன்று போலத் தெரிவதால்தான் பிள்ளைகள் மாற்றி அழுத்துகிறார்கள். பாஸ்வேர்டை அவர்களுக்குக் கொடுத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

வீட்டில் பிராட்பேண்ட் இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் டிவியை இணைத்தால் அரைப் படத்தில் டேட்டா தீர்ந்துவிடுகிறது.
*வாசகர், திருவொற்றியூர்*

எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும், சாதாரண தரத்தில் சுமார் 1 ஜிபி. முகவரி கொடுக்கும் முறையில் டிவி எடுப்பதெல்லாம் உங்கள் போன் டேட்டாதான். தரத்தை 480-க்குக் குறையுங்கள், சின்ன டிவியில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஓடிடி செயலிக்குள் டவுன்லோடு செய்து வைத்தாலும் காஸ்ட் செய்யும்போது டிவி மறுபடி நெட்டிலிருந்துதான் எடுக்கும்.

போனில் நீங்களே வைத்திருக்கும் வீடியோ என்றால் கதை வேறு. மிராகாஸ்டில் போனும் டிவியும் நேராகப் பேசிக்கொள்ளும், ரூட்டரும் வேண்டாம், டேட்டாவும் போகாது. அதைவிட நல்லது ஒரு பென் டிரைவ். டைப்-சி முனையும் சாதா முனையும் உள்ள பென் டிரைவ் கிடைக்கிறது. ஒரு முனையைப் போனில் செருகி நகல் எடுங்கள், மறு முனையை டிவியில் செருகுங்கள்.

அப்பாவுக்குக் காது மந்தம். வசனம் எழுத்தில் வந்தால் ரசித்துப் பார்ப்பார். தமிழ் சப்டைட்டில் ஃபைல் வைத்திருக்கிறேன், டிவியில் கட்டம் கட்டமாக வருகிறது.
*வாசகி, ராயபுரம்*

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. வீட்டில் பெரியவர்கள் சத்தம் புரியாமல் பேசாமல் உட்கார்ந்திருப்பதை நாம் பல நேரம் கவனிப்பதே இல்லை.

கட்டம் வர இரண்டு காரணம். ஃபைல், தமிழ் எழுத்தையும் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படாமல் இருக்கலாம். நோட்பேடில் திறந்து, சேவ் ஆஸ் கொடுத்து, கீழே என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். அதன் பிறகும் கட்டம் வந்தால் டிவியின் சொந்த பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். டிவியில் விஎல்சி போட்டு அதில் ஓட்டுங்கள். படத்தின் பெயரும் சப்டைட்டில் ஃபைலின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்து, இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் தானாகவே எடுத்துக்கொள்ளும். எழுத்து வசனத்துக்கு முந்தியோ பிந்தியோ வந்தால் விஎல்சியிலேயே நேரத்தை நகர்த்தலாம்.

அப்புறம் செட்டிங்ஸில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, பின்னால் கறுப்புப் பட்டை வையுங்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர் வரும் காட்சியில் வெள்ளை எழுத்து கரைந்துவிடும். படம் போடும் முன் அப்பா வழக்கமாக உட்காரும் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து ஒரு நிமிடம் படித்துப் பாருங்கள். எழுத்து அவர் கண்ணுக்குப் போதுமா என்பது அங்கிருந்துதான் தெரியும்.